ஆளே இல்லாத ஹெர்ட் தீவுக்கு பறவைக்காய்ச்சல் எப்படி போச்சு?

2025ல ஒரே தீவு ரெண்டு தடவ செய்தியில அடிபட்டுச்சு. ஏப்ரல் 2ம் தேதி அமெரிக்கா வெளியிட்ட இறக்குமதி வரி லிஸ்ட்ல "ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகள் – 10 சதவீதம்"னு இருந்துச்சு, அங்க மனுசங்களே கிடையாது பெங்குயின்தான் இருக்குன்னு எல்லா சேனல்லயும் ஓட்டினாங்க. அப்புறம் நவம்பர் 25ம் தேதி, அதே தீவுல செத்துக்கிடந்த யானை சீல்ங்கிற பெரிய கடல் பாலூட்டிகள்ல எச்5 பறவைக்காய்ச்சல் வைரஸ் இருக்குறது டெஸ்ட்ல உறுதியாயிருச்சுன்னு ஆஸ்திரேலியா அறிவிச்சுச்சு.

பறவைக்காய்ச்சல்ங்கிற வார்த்தை கம்பம், கூடலூர், போடி பக்கம் இருக்கிறவங்களுக்கு புதுசு இல்ல. ஆலப்புழால வாத்து செத்தா மறுநாளே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு செக்போஸ்ட்ல கால்நடைத்துறைக்காரங்க வந்து நின்னுருவாங்க, அங்கிட்டு இருந்து வர்ற வண்டி டயருக்கு மருந்தடிப்பாங்க, கோழி, வாத்து, முட்டை லோடு வந்தா திருப்பி அனுப்புவாங்க. அதனாலதான் இந்த ஹெர்ட் தீவு செய்திய படிச்சவங்களுக்கு இங்க மூணு குழப்பம் வருது:

1. கோழிப்பண்ணையும் இல்ல, லோடு வண்டியும் இல்ல, மனுசனே இல்ல. அப்புறம் எப்படி நோய் போச்சு?
2. பறவைக்கு வர்ற காய்ச்சல் சீலுக்கு எப்படி வந்துச்சு?
3. அங்க வந்தது இங்கிட்டு வருமா?

இதுக்கு பதில் சொல்லணும்னா முதல்ல அந்த தீவு எங்க இருக்கு, எப்படி இருக்குங்கிறத தெரிஞ்சுக்கணும், ஏன்னா பதில்ல பாதி பூகோளத்துலதான் இருக்கு. வரி விசயத்த மட்டும் இங்கயே முடிச்சுரலாம். அந்த தீவுல இருந்து 2022ல அமெரிக்காவுக்கு 14 லட்சம் டாலர் சரக்கு, அதுவும் பெரும்பாலும் மெசினும் எலக்ட்ரிக்கல் சாமானும் போனதா வர்த்தக கணக்குல இருக்கு, ஆனா அங்க ஒரு ஃபேக்டரியோ துறைமுகமோ கிடையாது. வேற ஊரு சரக்குக்கு தப்பா இந்த தீவோட பேரு பதிவாகியிருக்குன்னு பத்திரிகைக்காரங்க தோண்டி எழுதினாங்க. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

மினிக்காய்ல இருந்து நேரா தெற்கே

உலக மேப்ப எடுத்து லட்சத்தீவுல மினிக்காய்ல விரல வைங்க. அங்க இருந்து வளையாம நேரா தெற்கே இறங்குங்க. மாலத்தீவு தாண்டி, டியேகோ கார்சியா பக்கமா போய், பூமத்திய ரேகையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு, இன்னும் போய்க்கிட்டே இருந்தா கிட்டத்தட்ட 6,800 கிலோமீட்டர் கழிச்சு ஹெர்ட் தீவு வரும். தெற்கு அட்சரேகை 53 டிகிரி, கிழக்கு தீர்க்கரேகை 73 டிகிரி சொச்சம். அதாவது கேரளாவுக்கு ஆஸ்திரேலியா எந்த திசையோ அந்த திசையில இது இல்ல, நம்ம அரபிக்கடலுக்கு நேர் கீழ இருக்கு. ஆனா சொந்தக்காரன் ஆஸ்திரேலியா. 1947 டிசம்பர்ல பிரிட்டன் அவங்க கையில கொடுத்துச்சு. பெர்த் நகரத்துல இருந்து 4,000 கிலோமீட்டர் தென்மேற்கே இருக்கு. விமான ஓடுதளம் கிடையாது, கப்பல்லதான் போகணும், அதுக்கே நாள்கணக்கா ஆகும், போய் சேர்ந்தாலும் கடல் அமைதியா இருந்தாத்தான் கரை இறங்க முடியும்.

பக்கத்துல இருக்கிற ஒரே நிலம் பிரான்சுக்கு சொந்தமான கெர்கலென் தீவுகள், அதுவும் 450 கிலோமீட்டர் வடமேற்கே. இந்த 450ங்கிற நம்பர மறந்துராதீங்க, பின்னாடி தேவைப்படும்.

ஹெர்ட் தீவு 368 சதுர கிலோமீட்டர். மெக்டொனால்ட் அதுக்கு மேற்கே 40 சொச்சம் கிலோமீட்டர்ல இருக்கிற குட்டித் தீவு.

ஆனமுடியை விட 50 மீட்டர் உசரம், உள்ள நெருப்பு, வெளிய ஐஸ்

போடிமெட்டு ஏறி மூணாறு போனா ஆனமுடி, 2,695 மீட்டர். ஹெர்ட் தீவோட உச்சி மாஸன் சிகரம், 2,745 மீட்டர். உசரம் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ஆனமுடி பல கோடி வருசத்துக்கு முந்தின பழம்பாறை, மேற்குத்தொடர்ச்சி மலையோட ஒரு பகுதி, எரிமலை இல்ல. மாஸன் சிகரம் இருக்கிற "பிக் பென்"ங்கிற மலை முழுக்க எரிமலை, பத்து லட்சம் வருசத்துக்குள்ள கடல்ல இருந்து வளர்ந்து வந்தது, இன்னைக்கும் உயிரோட இருக்கு. 2016 ஜனவரி கடைசியில அந்தப் பக்கம் போன ஆராய்ச்சிக் கப்பல்ல இருந்தவங்க, பனி மேல லாவா வழியறத கண்ணால பாத்தாங்க. மெக்டொனால்ட் தீவும் பல ஆயிரம் வருசம் சும்மா கிடந்துட்டு 1992ல வெடிக்க ஆரம்பிச்சுச்சு, லாவா கடல்ல கொட்டி இறுகி பத்து வருசத்துக்குள்ள தீவோட பரப்பே ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருச்சு.

ரெண்டு தீவும் தனியா முளைச்சது இல்ல. கடலுக்கு அடியில கெர்கலென் பீடபூமின்னு ஒரு பெரிய எரிமலைப் பாறை மேடு இருக்கு, அதோட உச்சி மட்டும் தண்ணிக்கு வெளிய தெரியுது, அவ்வளவுதான். இந்த மேடு உருவான கதையில இந்தியாவுக்கும் பங்கு இருக்கு. ஒரு காலத்துல நம்ம கிழக்குக் கரை அண்டார்டிகாவோட ஒட்டி இருந்துச்சு. அது பிரிஞ்சு இந்தியா வடக்கே நகர ஆரம்பிச்ச காலத்துல, பூமிக்குள்ள இருந்து மேல வந்த சூடான பாறைக்குழம்பு ரொம்ப காலமா கொட்டிக்கிட்டே இருந்துச்சு. சுமார் 11.8 கோடி வருசத்துக்கு முன்னாடி அப்படி கொட்டின லாவாதான் இன்னைக்கு ஜார்க்கண்ட்ல ராஜ்மகால் குன்றுகளா இருக்கு. வங்காள விரிகுடாவுல இருந்து தெற்கே கிடக்கிற 90 டிகிரி கடலடி மலைத்தொடரும் அதே சூட்டோட தடம்தான். இந்தியா நகர்ந்து மேல வந்துருச்சு, சூடு அங்கயே நிக்குது.

காத்து

53 டிகிரின்னா வடக்குல அயர்லாந்து, இங்கிலாந்து இருக்கிற அளவுதான். அங்கெல்லாம் பசேல்னு புல்லும் மாடும் இருக்கு, இங்க மட்டும் தீவுல அஞ்சுல மூணு பங்கு பனிப்பாறை, அதுல பல பனிப்பாறை மலையில இருந்து வழிஞ்சு கடல் வரைக்கும் வந்துருது, ஏன்? காரணம் கடல். அண்டார்டிகாவ சுத்தி வர்ற குளிர்ந்த தண்ணியும், வடக்கே இருந்து வர்ற கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணியும் சந்திக்கிற ஒரு எல்லை இருக்கு, துருவ எல்லைன்னு வச்சுக்கலாம். கெர்கலென் அந்த எல்லைக்கு கிட்டயே இருக்கு, ஹெர்ட் எல்லைய தாண்டி குளிர்ப் பக்கம் விழுந்துருச்சு. அதனால கரையில மாச சராசரி வெப்பம் 0ல இருந்து 4 டிகிரிக்கு கொஞ்சம் மேல வரைக்கும்தான். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். நாலு நாள்ல மூணு நாள் மழையோ பனியோ விழும்.

அதோட மேற்குக் காத்து. அந்த அட்சரேகையில பூமிய சுத்தி வர்ற காத்த தடுக்க நிலமே கிடையாது, தென் அமெரிக்காவோட வால் மட்டும்தான் குறுக்க வரும். கம்பம் பள்ளத்தாக்குல ஆனி, ஆடியில அடிக்கிற காத்து வருசத்துல மூணு மாசம், அங்க அது வருசம் பூரா. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகமெல்லாம் பதிவாயிருக்கு.

இங்க நமக்கு நல்லா தெரிஞ்ச ஒரு விசயம் அங்கயும் நடக்குது. தென்மேற்கு பருவக்காத்து கேரளா பக்கம் மழைய கொட்டிட்டு மலை ஏறி இறங்கும்போது வறண்டுபோய் வரும், அதனாலதான் வண்டிப்பெரியார்ல கொட்டு கொட்டுன்னு கொட்டும்போது கம்பத்துல சாரலோட நின்னுரும், உத்தமபாளையம் தாண்டினா அதுவும் இல்ல. மழைமறைவுன்னு ஸ்கூல்ல படிச்சது. ஹெர்ட்ல பிக் பென் மலைதான் அந்த வேலைய செய்யுது, மேற்குக் கரையில மேகமும் ஈரமும், கிழக்கு முனையில ஸ்பிட் பேங்கிற இடத்துல காத்து இறங்கி வரும்போது கொஞ்சம் சூடாவும் காய்ஞ்சும் இருக்கும். செடி கொடி, சீல், பெங்குயின் எல்லாம் நிறைய அந்த மாதிரி ஐஸ் இல்லாத கரையோர துண்டு நிலத்துலதான் நெருக்கியடிச்சு இருக்கு. இந்த நெருக்கடியும் பின்னாடி முக்கியம்.

மரமே இல்லாத ஊர்ல யார் யார் இருக்காங்க

மரம் ஒண்ணு கூட இல்ல. பூக்கிற செடி எல்லாம் சேத்தாலும் பன்னண்டு வகை அளவுலதான். மெத்தை மாதிரி தரையோட ஒட்டி வளர்ற அசொரெல்லா, கொத்துப்புல்லு, அப்புறம் கெர்கலென் முட்டைக்கோஸ். இந்த கோஸ் நம்ம கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம்தான், வைட்டமின் சி நிறைய இருக்கிறதால அந்தக் காலத்து மாலுமிகள் ஈறுல ரத்தம் கசியிற ஸ்கர்வி நோய்க்கு இத தின்னு பொழைச்சாங்க. இதோட சொந்தக்கார செடிகளுக்கெல்லாம் வண்டு, தேனீ வந்து மகரந்தம் சேக்கும், இங்க அதுக்கு பூச்சி இல்ல, அதனால காத்தையே நம்ப ஆரம்பிச்சுருச்சு. இருக்கிற பூச்சிகள்ல சிலதுக்கு இறக்கை சுருங்கிப்போச்சு. அந்தக் காத்துல பறந்தா கடல்லதானே போய் விழணும்.

கரையில நிலைமை வேற, உயிர் நிரம்பி வழியுது. மக்கரோனி பெங்குயின் லட்சக்கணக்குல. கிங் பெங்குயின் கதை இன்னும் பெருசு, 1947ல கணக்கெடுத்தப்ப வெறும் மூணு ஜோடி, 2003 வாக்குல 80,000 ஜோடி. ஜென்டூ, ராக்ஹாப்பர் பெங்குயினும் இருக்கு. இந்த தீவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஒரு நீர்க்காகம் இருக்கு, மொத்தமே ஆயிரம் ஜோடி அளவுலதான். அப்புறம் ஃபர் சீல், யானை சீல்.

ஆம்பள யானை சீல் ஒண்ணு மூணு நாலு டன் வரும். வருசத்துல பெரும்பாலும் கடல்லயே இருக்கும், செப்டம்பர் அக்டோபர்ல மட்டும் குட்டி போட கரைக்கு வந்து பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிடக்கும். 1855ல முதல் வேட்டைக்கப்பல் ஆளுங்க கரை இறங்கினாங்க, விளக்குக்கும் மெசினுக்கும் எண்ணெய் வேணும்னு இதுங்கள அடிச்சு உருக்க ஆரம்பிச்சாங்க, 25 வருசத்துல வேட்டையாட மிச்சம் இல்லாத அளவுக்கு காலி பண்ணிட்டு போனாங்க. அதுக்கப்புறம் மனுசன் நடமாட்டம் குறைஞ்சதாலதான் இதுங்க மெல்ல மெல்ல திரும்ப வந்துச்சு. இத மனசுல வச்சுக்கிட்டுதான் இப்ப வந்திருக்கிற செய்திய படிக்கணும்.

எலி கூட ஏறாத தீவு

உலகத்துல கப்பல் போன தீவுகள்ல பெரும்பாலும் எலி போயிருக்கும், பூனை போயிருக்கும். கெர்கலென்லயே முயல், பூனை, எலி எல்லாம் இருக்கு. தரையில கூடு கட்டுற கடல்பறவைக்கு எலிதான் எமன். ஹெர்ட்லயும் மெக்டொனால்ட்லயும் வெளியில இருந்து வந்த பாலூட்டி ஒண்ணு கூட இல்ல, அதுக்காகவும் உயிரோட இருக்கிற எரிமலைக்காகவும்தான் 1997ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சுச்சு. அந்த சுத்தத்த காப்பாத்த ஆஸ்திரேலியா ரொம்ப கண்டிப்பா இருக்கு. பெர்மிட் இல்லாம கால் வைக்க முடியாது, போறவங்க பூட்ஸ், பை, துணி மடிப்புல ஒட்டியிருக்கிற விதை, மண்ணு வரைக்கும் சுத்தம் பண்ணிட்டுத்தான் இறக்கி விடுவாங்க. நம்ம செக்போஸ்ட்ல டயருக்கு மருந்தடிக்கிறதோட தம்பிதான் அது.

ஆஸ்திரேலியாவோட அண்டார்டிக் ஆராய்ச்சிக் குழு 2003-04க்கு அப்புறம் இருபது வருசம் அங்க போகவே இல்ல. 2025 அக்டோபர்ல நுயினாங்கிற கப்பல்ல திரும்ப போனப்பதான் கரையில யானை சீல் குட்டிங்க வழக்கத்துக்கு மாறா செத்துக்கிடக்கிறத பாத்தாங்க. அவங்க கொண்டுபோனதா இருக்குமோன்னு சிலருக்கு சந்தேகம். இல்ல. அவங்க போறதுக்கு முன்னாடியே செத்துக்கிடந்துச்சு.

வைரஸ் போன வழி

எச்5 வகையில ஒண்ணான இந்த எச்5என்1 வைரஸ் காட்டுல பொறந்தது இல்ல. 1996ல சீனாவோட குவாங்டாங்ல ஒரு பண்ணையில, வளர்ப்புப் பெருவாத்துலதான் இந்த வம்சம் முதல்ல கண்டுபிடிக்கப்பட்டுச்சு. காட்டுப் பறவைங்ககிட்ட ரொம்ப காலமா இருந்த லேசான காய்ச்சல் கிருமிதான் மூலம், ஆனா ஆயிரக்கணக்குல கோழியும் வாத்தும் ஒரே கூரைக்கு கீழ அடைஞ்சு கிடக்கிற இடத்துலதான் அது கொலைகாரக் கிருமியா மாறுது. அப்புறம் அங்க இருந்து திரும்ப காட்டுப் பறவைக்கு தொத்துது. பல பேரு "காட்டுப் பறவைதான் நோய் கொண்டு வருது"ன்னு சொல்றாங்க, எடுத்துட்டு போறது அதுங்கதான், ஆனா கொடுத்து விட்டது பண்ணை.

இப்ப உலகம் சுத்துற ரகம் நகர்ந்த வரிசை இது:

1. 2020-21ல இருந்து ஐரோப்பாவுல பெரிய அளவுல பரவுது, 2021 கடைசியில அட்லாண்டிக் தாண்டி வட அமெரிக்கா.
2. 2022 அக்டோபர் வாக்குல தென் அமெரிக்கா. பெரு, சிலி கரையில பெலிக்கனும் கடல்சிங்கமும் ஆயிரக்கணக்குல சாவுது.
3. 2023 அக்டோபர்ல அர்ஜென்டினாவோட வால்டெஸ் தீபகற்பத்துல யானை சீல் குட்டிங்க 17,000க்கு மேல செத்துப்போச்சு. அந்த வருசம் அங்க பொறந்த குட்டியில ஏறக்குறைய எல்லாமே.
4. அதே மாசம் தெற்கு ஜார்ஜியா தீவு. அங்க 2022க்கும் 2024க்கும் நடுவுல பெரிய கூட்டங்கள்ல குட்டி போட வந்த பொம்பள யானை சீல் 47 சதவீதம் குறைஞ்சுருச்சுன்னு ட்ரோன் படத்த வச்சு கணக்கு போட்டிருக்காங்க.
5. 2024 பிப்ரவரியில அண்டார்டிகா நிலப்பகுதி.
6. 2024 செப்டம்பர்ல இந்தியப் பெருங்கடல் பக்கம், தென்னாப்பிரிக்காவோட மாரியன் தீவு. அக்டோபர்ல குரோசே தீவு, நவம்பர்ல கெர்கலென்.
7. 2025ல ஹெர்ட்.

மேப்ப பாத்தா புரியும், ஆறாவதுல இருந்து எல்லாம் மேற்குல இருந்து கிழக்கே, காத்தடிக்கிற திசையிலயே ஒவ்வொரு தீவா தாவுது. கெர்கலென்ல இருந்து ஹெர்ட் 450 கிலோமீட்டர்னு மேல சொன்னேன்ல, நமக்கு அது கம்பத்துல இருந்து சென்னை போற தூரத்துக்கு கிட்ட, நடுவுல கால் வைக்க இடமில்லாத கடல். ஆனா ஸ்குவாங்கிற கடல்பறவைக்கும் ராட்சத பெட்ரலுக்கும் அது ஒரு தூரமே இல்ல. இது ரெண்டும் செத்தத தின்னுற பறவை. ஒரு தீவுல நோய்ல செத்த சீல தின்னுட்டு அடுத்த தீவுக்கு போய் கூட்டத்துக்கு நடுவுல இறங்கும். முதல் குழப்பத்துக்கு பதில் இதுதான், லோடு வண்டிக்கு பதிலா பிணந்தின்னிப் பறவை, ரோட்டுக்கு பதிலா காத்து. சீலுங்களும் தீவு விட்டு தீவு நீந்தும்.

பறவை நோய் சீலுக்கு ஏன்

ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள்ள நுழையணும்னா செல்லுக்கு மேல ஒரு பிடி கிடைக்கணும். பறவைக்கு இருக்கிற மாதிரி பிடி சீல் மாதிரி சில பாலூட்டிகளோட மூச்சுக்குழாய், நுரையீரல்லயும் இருக்கு. அது ஒரு காரணம். அத விட பெரிய காரணம் கூட்டம். குட்டி போடுற சீசன்ல ஆயிரக்கணக்கான சீலு ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு, மூக்குல சளி ஒழுக, பக்கத்துலயே பறவை எச்சமும் பிணமும் கிடக்க வாரக்கணக்குல இருக்கும். அடைச்சு வச்ச கோழி ஷெட்டுக்கும் ஐஸ் இல்லாத அந்த துண்டுக் கடற்கரைக்கும் வைரஸ் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தென் அமெரிக்காவுல சீல்ல இருந்து சீலுக்கே நேரடியா பரவினதுக்கான அடையாளம் வைரஸோட மரபணுவுல கிடைச்சிருக்கு.

இனி என்ன நடக்கும்

இங்க பறவைக்காய்ச்சல் உறுதியானா என்ன பண்ணுவாங்கன்னு தெரியும், போபால்ல இருக்கிற லேப்ல இருந்து ரிசல்ட் வந்ததும் சுத்தி 1 கிலோமீட்டர்ல இருக்கிற கோழி வாத்தெல்லாம் அழிப்பாங்க, 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு. 2014 நவம்பர்ல குட்டநாட்டுல, 2025 பிப்ரவரியில ஆந்திராவோட கோதாவரி மாவட்டங்கள்ல எல்லாம் அதுதான் நடந்துச்சு. வாத்துக்காரங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு அறுவடை முடிஞ்ச வயல்ல பட்டி போடுறவங்கள கேட்டா தெரியும், ஆனாலும் நோய் பரவுறது நின்னுரும்.

ஹெர்ட்ல அந்த வட்டத்த போட முடியாது. காட்டு விலங்க அழிக்கிறது தப்பு, அழிச்சாலும் பிரயோஜனம் இல்ல, கூட்டம் கலைஞ்சு இன்னும் தூரம் கொண்டு போகும். பிணத்த அப்புறப்படுத்த ஆள் இல்ல. ஊசி போட பிடிக்க முடியாது. பண்ணக்கூடியது ட்ரோன்ல எண்ணுறது, சாம்பிள் எடுக்கிறது, நாமளே பூட்ஸ்ல அடுத்த கரைக்கு கொண்டு போகாம இருக்கிறது. எனக்கு இதுல ரொம்ப கவலை அந்த நீர்க்காகம்தான். பெங்குயின் லட்சத்துல பாதி போனாலும் மிச்சம் இருக்கும், அதுவே கொடுமை, ஆனா ஆயிரம் ஜோடியே இருக்கிற இனத்துக்கு ஒரு கெட்ட சீசன் போதும். இதுக்கு நடுவுல பனிப்பாறையும் கரையுது, 1947ல 289 சதுர கிலோமீட்டர் இருந்தது 2019ல 225. பனி விலகின இடத்துல புது நிலம் வரும், புது விதையும் வரும். கடல மட்டும் ஓரளவு காப்பாத்தியிருக்காங்க, 2025 ஜனவரியில சுத்தியிருக்கிற பாதுகாக்கப்பட்ட கடல்பகுதிய விரிவாக்கியிருக்காங்க.

ஆஸ்திரேலியாவுக்கு இன்னொரு பயம். 2025 முடியிற வரைக்கும் இந்த ரக எச்5என்1 நுழையாத ஒரே பெரிய நிலப்பகுதி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம்தான். ஹெர்ட்ல இருந்து நாலாயிரம் கிலோமீட்டர் இருக்குங்கிறது ஒரு தெம்பு, ஆனா அங்கயும் காத்து கிழக்கே பாத்துத்தான் அடிக்குது.

மூணாவது குழப்பம், அங்க இருந்து கேரளா வழியா நமக்கு வருமாங்கிறது. அந்தக் கூட்டங்கள்ல இருந்து வடக்கே நம்ம பக்கம் வந்து கோழியோட கலக்கிற பறவை கிடையாது. நமக்கு வர்றது மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் இருந்து குளிர்காலத்துல இறங்குற வலசைப் பறவை வழியாவும், கோழி, வாத்து, முட்டை அட்டை, கூண்டு ஏத்திப்போற வண்டி வழியாவும்தான். அதனால பெங்குயின் செய்திய பாத்து யாரும் கறிக்கடைய விட்டு ஓட வேண்டியதில்ல, நல்லா வேகவச்ச கறியிலயும் முட்டையிலயும் இந்த வைரஸ் தங்காது. வயல்ல கொக்கோ காகமோ நாலஞ்சு சேர்ந்தாப்ல செத்துக்கிடந்தா வெறுங்கையால தொடாம கால்நடை ஆஸ்பத்திரிக்கு சொல்லணும், பட்டி வாத்து தலைய சாய்ச்சு சுத்த ஆரம்பிச்சா அன்னைக்கே சொல்லணும், விலை போறதுக்குள்ள தள்ளிவிட்டுரலாம்னு அடுத்த ஊருக்கு ஏத்தி அனுப்பிறக்கூடாது.